பாம்பு சாப்பிடுதா?

எங்கள் வீட்டு ஃப்ரீசரின் கடைசி மூலையில் நீல மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் பாலிதீன் பையில் சுற்றிய உறைந்த எலிகள். விருந்தாளி யாராவது ஐஸ்கட்டி எடுக்கிறேன் என்று ஃப்ரீசரைத் திறந்துவிடக் கூடாதே என்று என் மனைவி எப்போதும் ஒரு கண் வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்காத வீடு எங்களுடையது. அந்த வீட்டில்தான் ஐந்து வருடமாக ஒரு பாம்பு இருந்தது.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் நான்காவது மாடி ஃபிளாட். மகளின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே, மலைப்பாம்பு வகையிலேயே சிறிய ஒன்று. கருத்த பழுப்பு உடம்பில் சந்தனத்தைக் கொட்டியது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். விஷமில்லை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். எதிர் ஃபிளாட்டில் இருந்த எகிப்துக் குடும்பத்துப் பையன் வளர்த்தது அது. அவன் அப்பாவுக்கு வேலை போய், குடும்பமே கிளம்பியபோது, தண்ணீர் மாற்றக் கூடமாட உதவிக்கொண்டிருந்த என் மகள் அதைக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அழுது, சாப்பிடாமல் படுத்து, கடைசியில் என் சம்மதத்தை வாங்கிவிட்டாள். அந்த மனிதருக்கு வேலை போனது அன்றைக்கு எனக்கு வெறும் செய்தி. லிஃப்டில் பார்த்தபோது கைகொடுத்து, “இன்ஷா அல்லாஹ், நல்லதே நடக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாம்புக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி. மகள் எலியை வெந்நீரில் போட்டு, உறைந்தது இளகி உடம்புச் சூடு வந்ததும், நீளமான இடுக்கியால் வாலைப் பிடித்துத் தொட்டிக்குள் மெல்ல ஆட்டுவாள். பாம்பு கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு கண் இமைப்பதற்குள் பாய்ந்து கவ்வி, மூன்று சுற்றுச் சுற்றிவிடும். மனைவி அறைக்குள் வரமாட்டாள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “சாப்டுச்சா?” என்பாள். “சாப்டுச்சும்மா” என்று பதில் வந்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாள். பாம்பின் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. “அது” என்பாள். ஆனால் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தால் எல்லாரிடமும், “எங்க வீட்ல ஒண்ணு இருக்கு” என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

ஐந்தாவது வருடக் குளிர்காலத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. இடுக்கி உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. குளிர் மாதங்களில் இந்த வகைப் பாம்புகள் சில வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம்தான் என்று மகள் இணையத்தில் படித்துச் சொன்னாள். நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர் போய், மதியம் கார் ஸ்டீயரிங்கைத் தொட முடியாத வெயில் வந்தது. அப்போதும் அது சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கம்பெனியை மூடினார்கள். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் உள் அலங்கார வேலை செய்து கொடுக்கும் கம்பெனி. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆபீஸ். நான் அங்கே செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர். மேனேஜர் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, புது வேலை வரவில்லை, முதலாளி இதோடு நிறுத்திக்கொள்கிறார் என்றார். ஒரு பட்டாணிய ஃபோர்மேன் மட்டும், “கலாஸ்?” என்று கேட்டார், முடிந்ததா என்று. “கலாஸ்” என்றார் மேனேஜர். அவ்வளவுதான் பேச்சு. விசா ரத்தானால் வேறு வேலை தேடக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். என் வயதுக்கு அந்த அவகாசத்தில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் தேடினேன். தினமும் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு துபாய்க்குப் போய், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். போன இடத்திலெல்லாம் பாதிப் பேர் என்னைப் போலவே வேலைக்குக் காத்திருக்கும் ஆட்கள்.

வேலை கிடைக்காது, திருச்சிக்குத் திரும்புவதுதான் என்று முடிவான அன்று சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம், தோழிகள், பாதியில் நிற்கும் பதினோராம் வகுப்பு, இதில் எதைப் பற்றிக் கேட்பாளோ என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“அப்பா, அப்ப இது?” என்று தன் அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

மறுநாளே விசாரிக்கக் கிளம்பினேன். கார்கோ ஏஜென்சியில், இந்தியாவுக்குக் கொண்டுபோக வழியே இல்லை என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். இங்கேயே யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். பாம்பு, பல்லி வளர்ப்பவர்களுக்கென்று இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் மகள் படம் போட்டாள். ஆட்கள் ஆர்வமாகத்தான் வந்தார்கள். எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “சாப்பிடுதா?” என் மகளுக்குப் பொய் வராது. “இப்ப கொஞ்ச நாளா இல்ல” என்பாள். அதோடு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். ஒரு லெபனான்காரப் பையன் மட்டும் வீடு தேடி வந்து, கையில் எடுத்துப் பார்த்து, முதுகை விரலால் தடவினான். உருண்டையாக இருக்க வேண்டிய உடம்பில் முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்திக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு, “சாப்பிட ஆரம்பிச்சா சொல்லுங்க” என்றான்.

ஆக, அது சாப்பிட்டால்தான் அதற்கு ஓர் இடம். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் அதைச் சாப்பிட வைப்பதிலேயே இறங்கினோம். வேறு எந்தக் காரியமும் எங்கள் கையில் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏசி காற்று தொட்டிமேல் படுகிறதோ என்று கட்டிலை நகர்த்தி, மகளின் அறையில் ஏசியையே நிறுத்தினோம். அவள் வியர்த்துக்கொண்டு பாடம் படித்தாள். அடியில் சூடு கொடுக்கும் பாயை மாற்றினோம். வெளிச்சம் பிடிக்கவில்லையோ என்று கண்ணாடியின் மூன்று பக்கமும் பால் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டினோம். பெரிய எலியை விட்டுவிட்டுக் குட்டி எலி வாங்கினோம். கோழிக்குஞ்சுகூட வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இடுக்கியைப் பிடித்தபடி மகள் கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பாள். பாம்பு நாக்கை இரண்டு தடவை நீட்டி, வாசனை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். கோபமாக முகத்தைத் திருப்பியிருந்தாலாவது மனசு ஆறும். அது எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் திருச்சியிலிருந்து போனில் மனைவியிடம் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. “வீட்ல பாம்பு பட்டினி கெடந்தா நல்லதில்லடி. அதான் அவருக்கு வேலையும் போச்சு. ஒரு கிண்ணத்துல பால் வையி.”

“பாம்பு பால் குடிக்காதும்மா,” என்றாள் மனைவி. “எலியவே திங்கமாட்டேங்குது. நீ வேற.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அடுப்படியில் நெடுநேரம் நின்றிருந்தாள். தன் அம்மா சொன்னதை அவள் முழுதாகத் தள்ளிவிடவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அவள் கதவுக்கு வெளியே நிற்பதை விட்டுவிட்டு அறைக்குள் வர ஆரம்பித்தாள். கட்டிலின் ஓரத்தில், காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

உயிருள்ள எலியை விட்டுப் பாருங்கள் என்று நாங்கள் எலி வாங்கும் கடைக்காரர் சொன்னார். மகளுக்கு இஷ்டமில்லை. “அப்பா, நோ. அது கடிச்சிடும்” என்றாள். எலி பாம்பைக் கடித்துவிடும் என்று அவள் பயம். கடைசியில் அவளே சம்மதித்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வெள்ளை எலி. தொட்டிக்குள் விட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. பிறகு பாம்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைக் கழுவிக்கொண்டது. பாம்பு மெல்லத் தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது. கட்டிலில் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேலை போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் மகள் எலியை வெளியே எடுத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எலியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். “ரிட்டர்ன் மாஃபி, பாய்” என்று கடைக்காரர் கையை விரித்தார். அதனால் அது ஒரு பிளாஸ்டிக் வாளியில் எங்கள் ஹாலிலேயே தங்கியது. கொடுத்ததையெல்லாம் தின்றது. ரொட்டி, வெள்ளரிக்காய், ஆறிப்போன இட்லி. விடியும் முன்பே வாளியைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். இரண்டே நாளில் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்து, எனக்கு உனக்கு என்று சண்டை வந்து, மூன்றாம் மாடி மலையாளிக் குடும்பம் கூண்டோடு வந்து வாங்கிக்கொண்டு போனது. எலிக்கு உடனே இடம் கிடைத்துவிட்டது.

ஊருக்குப் போகும் தேதி நெருங்கியது. முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் சாமான் வாங்கிப்போக வந்தவர், தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “எதுக்குண்ணே இவ்ளோ மெனக்கெடுறீங்க? முவைலா தாண்டிப் போனா ஒரே மணலு. ராவுல கொண்டுபோயி விட்டுட்டு வாங்க. அதுபாட்டுக்குப் பொழச்சுக்கும்.”

நான் ஏதாவது சொல்வதற்குள் மனைவி சொன்னாள். “வயித்துல ஒண்ணுமில்லாம மணல்ல எப்படிப் பொழைக்கும்? நாங்க என்ன குப்பையா கொட்டப் போறோம்?” அவர் வாங்க வந்த மிக்ஸியை எடுத்துக்கொண்டு சங்கடமாகச் சிரித்தபடி போனார்.

கடைசி முயற்சியாக டாக்டரிடம் போனோம். நாய், பூனை தவிர இவற்றையும் பார்க்கும் மிருக டாக்டர் துபாயில் ஒருவர் இருந்தார். சிரியா நாட்டுப் பெண்மணி. பாம்பைத் தலையணை உறையில் போட்டு முடிந்து, மகள் காரில் மடியில் வைத்துக்கொண்டாள். ஷார்ஜா நெரிசலில் வண்டி நின்று நின்று போனபோது, உறைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். வாயைத் திறந்து டார்ச் அடித்தார். மூச்சைக் கேட்டார். வயிற்றை அங்குலம் அங்குலமாக அமுக்கினார். எக்ஸ்ரே எடுத்தார். எச்சத்தையும் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் போன் செய்து, “நோய் எதுவும் தெரியவில்லை” என்றார். நல்ல செய்தி என்று நினைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்: நோய் என்றால் மருந்து கொடுக்கலாம். இது ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. சிலது இப்படித்தான், காரணமே சொல்லாமல் நிறுத்திவிடும். குழாய் வழியாக ஊட்டிப் பார்க்கலாம். அதனால் மறுபடி பசி எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம்.

மறுபடி போனோம். உதவியாளர் ஒருவர் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள, உடம்பை என் மகள் தாங்கிக்கொள்ள, டாக்டர் வாயைப் பிளந்து மெல்லிய குழாயை உள்ளே விட்டார். ஐந்து வருடத்தில் அந்தப் பாம்பு போராடி நான் பார்த்ததில்லை. அன்று அது என் மகளின் கையைச் சுற்றி முறுக்கியது. முறுக்கில் பலமே இல்லை. அவள் அழவில்லை. அதனிடம் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். குழந்தைக்கு ஊசி போடும்போது தாய் பேசுவாளே, அது மாதிரி.

அடுத்த நாள் தொட்டியில் எல்லாம் வெளியே வந்து கிடந்தது. ஊட்டியது அப்படியே, ஒரு நாற்றத்தோடு. மனைவி கையுறை போட்டுக்கொண்டு, அவளே தொட்டிக்குள் கையை விட்டுத் துடைத்தாள். பாம்பு மூலையில் கிடந்தது. துணி ஒரு தடவை அதன்மேல் பட்டபோதும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ கொண்டுபோய்ப் பாக்கலாமாம்மா?” என்று மகளிடம் கேட்டேன்.

“வேண்டாம்பா. ப்ளீஸ். போதும்.” தொட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, “அதுக்கு வேண்டாம்னு அது எத்தன தடவ சொல்லும்?” என்றாள்.

தொட்டியோடு கொடுத்தாலும் அதை யாரும் எடுக்கமாட்டார்கள், ஏதாவது கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பிலிப்பைன்ஸ்காரி. சலூனில் வேலை. துபாய் கராமாவில் ஒரு ஃபிளாட்டில் பலரோடு இருக்கிறாள். அவளும் முதலில், “சாப்பிடுதா?” என்றுதான் கேட்டாள். இல்லை என்று மகள் சொன்னதும், “சரி, கொண்டு வா” என்றாள்.

பழைய கட்டடம். படிக்கட்டில் மீன் வறுக்கும் வாசனை. பலகை வைத்துத் தடுத்த சின்ன அறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியிலும் மேலும் பெட்டிகள். ஒன்றில் பல்லி, இன்னொன்றில் ஒரு கண் குருடான பாம்பு. எல்லாம் யாராவது விட்டுவிட்டுப் போனவைதான் என்றாள். தலையணை உறையின் முடிச்சை அவிழ்த்து, எங்களுடையதைக் கையில் எடுத்து, நிதானமாகப் பார்த்தாள். லெபனான்காரப் பையன் தொட்ட அதே முதுகெலும்பைத்தான் அவளும் தொட்டாள்.

“இது பிழைக்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்று என் மகளிடம் இங்கிலீஷில் சொன்னாள். “வச்சுக்கறேன். சூடு கொடுப்பேன், தண்ணி கொடுப்பேன், வாரம் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன். கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனா நீ எனக்கு மெசேஜ் பண்ணக் கூடாது. சாப்பிட்டுதா சாப்பிட்டுதான்னு தினம் கேட்பே. ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு சொல்ல என்னால முடியாது.”

மகள் தலையாட்டினாள். தன் மேசை விளக்கையும் வெந்நீர்க் குவளையையும் இடுக்கியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டில்மேல் வைத்தாள். பாம்பை இன்னொரு தடவை கையில் வாங்குவாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் வண்டிகள் ஊர்ந்தன. முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். “நம்மள அதுக்கு ஞாபகம் இருக்குமாப்பா?”

“பாம்புக்கு அதெல்லாம் கெடையாதுன்னு நீதானே சொல்லுவே.”

“ஆமா. கெடையாது” என்றாள். “நல்லதுதான்.”

வீட்டுக்கு வந்தபோது மனைவி அந்த அறையில் ஏசியைப் போட்டு வைத்திருந்தாள். வெகு நாள் கழித்து அறை குளிர்ந்திருந்தது. மகள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கண்ணாடித் தொட்டியைக் கீழே குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு நான் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

திருச்சிக்கு வந்து சில மாதம் ஆயிற்று. மச்சான் வீட்டு மாடியில் இருக்கிறோம். எனக்கு இங்கேயும் வேலை அமையவில்லை. வளைகுடா அனுபவம் என்றால் முகத்துக்கு நேரே மரியாதையாகப் பேசுகிறார்கள், பிறகு கூப்பிடுவதில்லை. மகள் புதுப் பள்ளியில் வகுப்பு முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். அவள் தமிழைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். கேட்டால், “ஐயாம் ஃபைன்பா” என்பதோடு சரி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவைகூட மெசேஜ் அனுப்பவில்லை.

அந்தப் பெண்தான் அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. மகள் படித்துவிட்டுப் போனை என் பக்கம் நகர்த்தினாள். கடைசிவரை ஒன்றும் சாப்பிடவில்லை, சிரமப்படாமல் தூக்கத்திலேயே போய்விட்டது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை, மன்னித்துவிடு என்று எழுதியிருந்தாள். புதைத்த இடத்தின் படமும் இருந்தது. சாலையோரத்தில் ஒரு மரம், அடியில் ஈர மண்.

மனைவி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் கண்ணீர் வந்தது. “அது அங்கயே கெடந்து...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

“இந்த இடம் எனக்குத் தெரியும்” என்றாள் மகள். “கராமால நாம நெய் ரோஸ்ட் சாப்பிடப் போவோமே, அந்த ஹோட்டலுக்கு எதிர்ல. பஸ் ஸ்டாப் பக்கத்துல.”

எனக்கும் தெரிந்தது. வண்டி நிறுத்த இடம் தேடி அந்த மரத்தை எத்தனையோ தடவை சுற்றி வந்திருக்கிறேன். விசா முடிந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பக்கம் மறுபடி போவோம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.